கூட்டாக எழுதிய கதை ஏன் நாலாம் பகுதியோடு நின்றது?

உங்கள் கேள்வியை முதலில் என் சொல்லில் திருப்பிச் சொல்கிறேன், சரியாக விளங்கிக்கொண்டேனா பாருங்கள். யாழ்ப்பாணத்தில் தொடங்கிய உங்கள் எழுத்தாளர் வட்டத்தில் இப்போது 22 பேர். பாதிப் பேர் ஊரில், மற்றவர்கள் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், மெல்பேர்ண் என்று சிதறி இருக்கிறார்கள். போன வருடம் வட்ஸ்அப் குழுவில் ஆளுக்கொரு பகுதியாக ஒரு தொடர்கதை தொடங்கினீர்கள், நாலாம் பகுதியோடு அது நின்றுபோனது. இந்த முறை ஒரு மாதத்துக்கு இணையவழியில் எல்லோரும் சேர்ந்து எழுதும் நிகழ்வாகவே நடத்த விரும்புகிறீர்கள். அதற்கு எந்தச் செயலி நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். செயலியைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் உங்கள் கேள்விக்குள் இருக்கும் உண்மையான கேள்வி, போன வருடம் ஏன் நின்றது, இந்த முறை நிற்காமல் இருக்க என்ன செய்வது என்பதுதான் என்று நினைக்கிறேன்.

எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 14 வருடம் ஒரு பத்திரிகையில் ஞாயிறு இலக்கியப் பக்கம் பார்த்தேன். அதற்குப் பிறகு இணையத்தில் ஐந்து முறை கூட்டு எழுத்து நிகழ்வு நடத்தியிருக்கிறேன். அதில் மூன்று முழுமையாக முடிந்தன, இரண்டு பாதியில் நின்றன. ஆகக் கூடியது 26 பேர். அதனால் நான் சொல்வது பத்துப் பேரில் இருந்து முப்பது பேர் வரையான வட்டத்துக்குப் பொருந்தும். நூறு பேரைச் சேர்த்து நடத்துகிறவர்கள் வேறொருவரிடம் கேட்பதுதான் நல்லது.

உங்கள் தொடர் நின்றதற்குக் காரணம் ஆட்களின் சோம்பல் இல்லை. ஒருவருக்குப் பின் ஒருவர் என்ற வடிவத்திலேயே அது இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 22 பேருக்கு ஆளுக்கு நாலு நாள் என்றால் 88 நாள். ஒவ்வொருவரும் இரண்டு நாள் மட்டும் பிந்தினால் 132 நாள். ஒரு மாதம் என்று அறிவித்த நிகழ்வு நாலரை மாதமாகிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், ஒருவர் நின்றால் மற்ற 21 பேரும் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருக்கிறவருக்குச் சூடு ஆறிவிடும். பிறகு தன் முறை வரும்போது முதலில் இருந்து வாசிக்க வேண்டும், யார் யாருடைய மகன் என்று நினைவுபடுத்த வேண்டும், முன்னுக்கு எழுதியவர் கொன்றுவிட்ட பாத்திரத்தை என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும். முதல் ஆளுக்கு முழுச் சுதந்திரம், நாலாம் ஆளுக்கு முழுச் சுமை. என் முதலாவது முயற்சி ஐந்தாம் ஆளோடு நின்றது. அவர் வீட்டில் செத்தவீடு. செத்தவீட்டில் இருக்கிறவரிடம் கதை எங்கே என்று யார் கேட்பது? பதினொரு நாள் காத்திருந்தோம். எட்டுச் செலவு என்ற சடங்கு முடிந்து அவர் தானாக எழுதி அனுப்பியபோது அடுத்த ஆளுக்கு மனம் விட்டுப்போயிருந்தது. ஒருவரிலும் பிழை இல்லை. ஒரு மாதத்துக்குள் 22 வீடுகளில் ஒன்றிலாவது காய்ச்சல், கலியாணம், செத்தவீடு, வேலை மாற்றம் என்று ஏதாவது வரத்தான் செய்யும். அப்படி வந்தாலும் நடக்கக்கூடிய வடிவத்தைத் தெரிவதுதான் ஒழுங்குபடுத்துகிறவரின் முதல் வேலை.

தொடர்கதைதான் வேண்டும் என்று உங்கள் ஆட்கள் பிடிவாதமாக நின்றால், அதை ஆறேழு பேருக்குச் சுருக்குங்கள். ஆளுக்கு 800 சொல், மூன்று நாள். மூன்றாம் நாள் இரவு ஒன்பது மணிக்கு வராவிட்டால் காத்திருப்பில் உள்ள ஒருவர் எழுதுவார், பிந்தியவர் கடைசியில் சேரலாம் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். இன்னொரு விதியும் உண்டு, அதை நான் வெளியில் இருந்து எடுத்தேன். 1931 இல் இங்கிலாந்தின் துப்பறியும் கதை எழுத்தாளர்கள் சேர்ந்து ஆளுக்கொரு அத்தியாயமாக ஒரு நாவல் எழுதினார்கள். அதில் ஒவ்வொருவரும் தன் அத்தியாயத்தோடு, கொலையாளி யார், எப்படி என்று தான் மனதில் வைத்திருக்கும் விடையையும் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் வைத்தார்கள். அந்த விடைகளைப் புத்தகத்தின் கடைசியில் அச்சிட்டார்கள். விதி சிறியதுதான், ஆனால் பலன் பெரிது. முடிச்சை எப்படி அவிழ்ப்பது என்று தெரியாமல் முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் தள்ளிவிடுகிற பழக்கத்தை அது நிறுத்துகிறது. உங்கள் ஆட்களிடமும் "என் கணக்கில் கதை இப்படி முடியும்" என்று ஐந்து வரி வாங்கி ஒருவரிடம் பூட்டி வையுங்கள்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்லக்கூடியது வேறு வடிவம். ஒருவருக்குப் பின் ஒருவர் எழுதும் சங்கிலியை விடுங்கள், ஒரு ஒழுங்கையை, அதாவது ஒரு குறுகிய தெருவை, எடுங்கள். இதைத்தான் நான் மூன்று முறை செய்து மூன்று முறையும் முடித்தேன். கற்பனையாக ஒரு ஒழுங்கையை வரையுங்கள். ஒரு பக்கம் கிடுகு வேலி, மறுபக்கம் புதிதாகக் கட்டிய மதில், முடிவில் ஒரு வைரவர் கோயில், தொடக்கத்தில் சந்திக் கடையும் வாசிகசாலையும். வீடுகளுக்கு இலக்கம் போடுங்கள். ஒவ்வொரு எழுத்தாளருக்கும் ஒரு வீடு. அந்த வீட்டுக்குள் என்ன நடந்தாலும் அது அவருடைய விருப்பம். சிறுகதை, கவிதை, கடிதம், ஒரு கிழவியின் மருந்துத் துண்டு, எதுவும் எழுதலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதுவார்கள், ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இருவர் எழுதாமல் போனால் அந்த இரண்டு வீடும் பூட்டிக் கிடக்கும், அவ்வளவுதான். எங்கள் ஒழுங்கைகளில் பூட்டிய வீடு இல்லாமலா? சொல்லப்போனால், பூட்டிய வீட்டை எழுத முதலில் கை தூக்கியது வெளிநாட்டில் இருக்கிறவர்கள்தான். ஒருவர் சூரிச்சில் இருந்து கமராவில் தன் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதனை எழுதினார். முற்றத்தில் தேங்காய் விழுகிறது, நாலு நாளாக ஒருவரும் எடுக்கவில்லை, அவ்வளவுதான் கதை.

ஒழுங்கை மட்டும் போதாது, இல்லாவிட்டால் அது வெறும் தொகுப்பாகிவிடும். வீடுகளைக் கட்ட ஒரு கயிறு வேண்டும். நாங்கள் போட்ட கயிறு இது: ஒரு வெள்ளிக்கிழமை மாலை 6.40 க்குக் கரண்ட் போகிறது, 8.10 க்கு வருகிறது. இடையில் செயின் கவர் தளர்ந்த ஒரு சைக்கிளை ஒருவர் ஒழுங்கையால் தள்ளிக்கொண்டு போகிறார். ஒவ்வொரு கதையிலும் அந்தச் சத்தம் ஒரு முறை கேட்க வேண்டும். யார் அவர், ஏன் ஏறி ஓடாமல் தள்ளுகிறார் என்று ஒருவரும் முன்கூட்டிச் சொல்லக்கூடாது. வந்த கதைகளைச் சேர்த்து வாசித்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு வீட்டில் அந்தக் கடகடப்பு, ரியூசன் முடிந்து பிந்தி வரும் மகன். இன்னொரு வீட்டில் கடன் கேட்டு வருகிறவன், விளக்கை ஊதி அணைக்கிறார்கள். ஐந்தாம் வீட்டுக் கிழவிக்கு அது முப்பது வருடத்துக்கு முன்னால் போனவர் திரும்பி வரும் சத்தம். எல்லோருக்கும் சேர்த்து நான் கொடுத்தது ஒரே ஒரு சத்தம்தான். கூட்டு முயற்சி என்றால் என்ன என்று எனக்கு விளங்கியது அன்றைக்கு.

அடுத்தது கொப்பி. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஊர்க் கொப்பி என்று ஒரு பொது ஆவணம் வையுங்கள். வீட்டு இலக்கம், ஆட்களின் பெயர், வயது, யார் யாருக்கு என்ன முறை, எந்த மரம் எந்த வளவில், நாய் எத்தனை, வைரவர் கோயிலில் பூசை எப்போது. ஒவ்வொருவரும் எழுதத் தொடங்க முன் தன் வீட்டைப் பற்றி ஐந்து வரி அதில் போட வேண்டும், மற்றவர்களின் ஐந்து வரியை வாசிக்க வேண்டும். கொப்பிக்குப் பொறுப்பாக எழுதாத ஒருவர் இருந்தால் மிக நல்லது. வாசகராக மட்டும் வட்டத்தில் இருக்கிறவர்கள் எப்போதும் இரண்டொருவர் இருப்பார்கள், அவர்களைக் கேளுங்கள். கொப்பி வைத்தாலும் முரண்பாடு வரும். இரண்டாம் முறை எங்களுக்கு ஒரு பங்குக் கிணற்றில் வந்தது. ஏழாம் வீட்டை எழுதியவர், பிள்ளை ஒன்று விழுந்த பிறகு அந்தக் கிணற்றுக்கு வலை போட்டு மூடிவிட்டதாக எழுதியிருந்தார். மூன்றாம் வீட்டை எழுதியவர், இருட்டில் ஒரு பெண் அதே கிணற்றில் தண்ணீர் அள்ளுவதாக எழுதியிருந்தார். நான் ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்லப் போனேன், நல்ல காலம், சொல்லவில்லை. இருவரையும் போனில் கதைக்க விட்டேன். மூன்றாம் வீட்டுக்காரர் தன் கதையில் இரண்டே வரி மாற்றினார்: அந்தப் பெண் வாளியை விடுகிறாள், வாளி தண்ணீரில் விழவில்லை, கையால் தடவிப் பார்க்கிறாள், வலை. அந்தத் தொகுப்பில் எல்லோரும் நினைவு வைத்திருக்கும் இடம் அதுதான். ஆகவே முரண்பாட்டைக் கண்டால் உடனே அழிக்காதீர்கள். இரண்டு எழுத்தாளரையும் கதைக்க வையுங்கள், 48 மணி நேரத்தில் முடியாவிட்டால் கொப்பிப் பொறுப்பாளர் முடிவெடுக்கட்டும்.

உங்கள் வட்டத்தில் கவிஞர்களின் தொகை கூட என்று எழுதியிருந்தீர்கள். அவர்களுக்கு ஒழுங்கை தேவையில்லை, நம்மிடமே ஒரு வடிவம் இருக்கிறது. அந்தாதி. ஒரு பாட்டின் முடிவில் வரும் எழுத்தோ அசையோ சீரோ அடியோ அடுத்த பாட்டின் தொடக்கமாக வரும், கடைசிப் பாட்டின் முடிவு முதற்பாட்டின் தொடக்கத்தைத் தொட்டு மண்டலித்து நிற்கும். கூட்டாக எழுதுவதற்கென்றே செய்துவைத்த வடிவம் போல இருக்கிறது. இங்கே சங்கிலி பயமில்லை, ஏனென்றால் நாலு வரி எழுத ஒரு நாள் போதும், பழையதை முழுக்க வாசிக்கத் தேவையில்லை, கடைசிச் சொல்லைப் பிடித்தால் போதும். மரபுக் கவிஞர் வெண்பாவில் எழுதட்டும், புதுக்கவிதைக்காரர் தன் பாட்டில் எழுதட்டும், கண்ணி மட்டும் அறுபடக்கூடாது. ஒருவர் "மழை விட்டும் சொட்டுது முற்றம்" என்று முடித்தால் அடுத்தவர் "முற்றம் கூட்டிய அம்மாவின் கையில்" என்று தொடங்கலாம். 12 மணி நேரத்தில் ஒருவர் எழுதாவிட்டால் அடுத்தவர் எடுக்கலாம். வட்ஸ்அப் குழு ஒழுங்காகப் பயன்படும் ஒரே இடம் இதுதான். ஈற்றடி கொடுத்துப் பாடச் சொல்வதும் அதே மாதிரி: வெள்ளிக்கிழமை ஒரு ஈற்றடி, ஞாயிறு இரவுக்குள் எல்லோரும் அதில் முடிகிற பாட்டு. இதில் ஒருவரும் ஒருவருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

சரி, செயலிக்கு வருவோம். எழுதும் இடமும் கதைக்கும் இடமும் வேறாக இருக்க வேண்டும் என்பது மட்டும் எனக்கு உறுதி. வட்ஸ்அப்பில் கதையைப் போட்டால் அதன் மேல் இருபது கைகூப்பல், பிறந்தநாள் வாழ்த்து, ஒரு குரல் பதிவு, பிறகு கதையைத் தேடித் தேடிக் களைக்க வேண்டும். அனுப்பியதைத் திருத்தவும் 15 நிமிடத்துக்குள்தான் முடியும். அதை அறிவித்தலுக்கும் அரட்டைக்கும் வையுங்கள். எழுத்துக்குக் கூகுள் டாக்ஸ் போதும். ஒரு ஆவணத்தில் எல்லோரையும் விடாமல் ஆளுக்கொரு ஆவணம், எல்லாம் ஒரே கோப்புறையில். மற்றவருடைய ஆவணத்தில் கருத்துச் சொல்லும் அனுமதி மட்டும், நேரடியாகத் திருத்தும் அனுமதி எழுதியவருக்கு மட்டும். இணைப்பைத் திறந்து வைத்துவிட்டு எல்லோரும் திருத்தலாம் என்று விட்டால், கணக்கில் நுழையாமல் வருகிறவர்கள் ஏதோ விலங்கின் பெயரோடு நிற்பார்கள், எந்த வரியை யார் மாற்றினார் என்று கண்டுபிடிக்க முடியாது. பதிப்பு வரலாறு என்று ஒரு வசதி அதில் இருக்கிறது, பழைய வடிவத்துக்குத் திரும்பலாம். அதை எப்படித் திறப்பது என்று முதல் நாளே எல்லோருக்கும் காட்டுங்கள், பாதிப் பயம் போய்விடும்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் சந்திக்கும் ஒரு சிக்கல் எழுத்துரு. எங்கள் பக்கத்தில் ஐம்பது தாண்டிய பலர் இன்றும் பாமினியில்தான் தட்டச்சுச் செய்கிறார்கள். பத்திரிகை, அச்சகம், பள்ளிக்கூட வினாத்தாள் எல்லாம் அதில் பழகிய கை. பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துக்களின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்த எழுத்துரு. அதை அப்படியே இணைய ஆவணத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பையாகத் தெரியும். எங்கும் தமிழாகவே தெரியும் யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும், இடையில் வரும் இலக்கங்களும் மேற்கோள் குறிகளும் சில நேரம் பிழைத்துவிடும். பாமினி கைப்பழக்கத்தை விடாமலே யுனிகோடில் எழுதும் விசைப்பலகை மென்பொருளும் உண்டு, அதைப் போட்டுக் கொடுத்தால் அவர்களுக்கு ஒரு மாற்றமும் தெரியாது. தட்டச்சே தெரியாத மூத்தவர்களை விட்டுவிடாதீர்கள். அவர்கள் சீ.ஆர். கொப்பியில் எழுதிப் படம் பிடித்து அனுப்பட்டும், இளைய ஒருவர் தட்டச்சுச் செய்யட்டும். ஒவ்வொரு மூத்தவருக்கும் ஒரு இளையவர் என்று முதலே சோடி சேர்த்துவிடுங்கள். போனில் குரல்வழித் தட்டச்சுக்கு இலங்கைத் தமிழ் என்று தனித் தெரிவு இருக்கிறது, அது சிலருக்கு உதவியது. நிறுத்தக்குறிகளைப் பிறகு கையால்தான் போட வேண்டும்.

நேரத்தைப் பற்றி யோசிக்காமல் அறிவித்துவிடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் சனிக்கிழமை மாலை ஆறு மணி என்றால், மாசி மாதத்தில் லண்டனில் பகல் 12.30, பாரிஸில் 1.30, ரொறன்ரோவில் காலை 7.30, மெல்பேர்ணில் இரவு 11.30. மெல்பேர்ண்காரர் ஒரு முறை வருவார், இரண்டாம் முறை வரமாட்டார். அதனால் சந்திப்பை மாற்றி மாற்றி வையுங்கள், ஒரு கிழமை மாலை ஆறு, அடுத்த கிழமை ஞாயிறு காலை ஏழு. காலை ஏழு என்றால் ரொறன்ரோவில் முதல் நாள் இரவு 8.30, மெல்பேர்ணில் பகல் 12.30. லண்டன்காரர் அன்றைக்குத் தூங்கட்டும். பங்குனியில் கனடா இரண்டாவது ஞாயிறும் ஐரோப்பா கடைசி ஞாயிறும் மணிக்கூட்டை மாற்றுகின்றன, நாங்கள் மாற்றுவதில்லை. அன்றில் இருந்து அந்தந்த ஊர்க் கணக்கு ஒரு மணித்தியாலம் பிசகும். கடைசித் திகதியை எப்போதும் இலங்கை நேரம் என்று எழுதி அறிவியுங்கள்.

எந்த மாதம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1999 இல் தொடங்கி உலகம் முழுக்கப் பரவிய, நவம்பரில் 50,000 சொல் எழுதும் பழக்கத்தைப் பார்த்து நவம்பரைத் தெரிகிறவர்கள் உண்டு. எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மாரி காலம். வெள்ளம், கரண்ட் வெட்டு, இணைப்பு அறுபடுதல், போதாததற்குப் பலருக்கு மனம் கனத்த நாட்களும் அந்த மாதத்தில்தான் வரும். ஆவணியில் நல்லூர்த் திருவிழா 25 நாள், அந்த நாட்களில் பின்னேரம் ஒருவரும் கணினிக்கு முன்னால் இருக்க மாட்டார்கள். வட்டத்தில் ஆசிரியர்கள் இருந்தால் பரீட்சைக் காலத்தையும் கேட்டுப் பாருங்கள். தைப்பொங்கல் முடிந்து மாசி முடியும் வரை எனக்கு எப்போதும் சரிவந்திருக்கிறது. கரண்ட் வெட்டைப் பொறுத்தவரை, 2022 பங்குனி முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டு இருந்தபோதும் எங்கள் ஆட்கள் எழுதினார்கள். போனில் எழுதுகிறவர்களுக்கு ஆவணத்தை இணைப்பு இல்லாமலும் திறக்கும்படி செய்து கொடுத்திருந்தோம்.

சந்திப்பில் என்ன செய்வது என்று பலர் திணறுகிறார்கள். உரை வேண்டாம், தலைமை உரை வேண்டவே வேண்டாம். சேர்ந்து எழுதுங்கள். சூம் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் துண்டிக்கும், அது இதற்கு அளவாக இருக்கிறது. ஐந்து நிமிடம் நலம் விசாரிப்பு, 25 நிமிடம் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு எல்லோரும் எழுத்து, பத்து நிமிடம் விரும்பியவர் ஒரு பந்தி வாசிப்பு. 25 நிமிடம் ஒருவரும் பேசாமல் இருப்பது முதல் நாள் கூச்சமாக இருக்கும். இரண்டாம் கிழமை பாருங்கள், ஒருவர் வீட்டில் சேவல் கூவும், இன்னொருவர் யன்னலில் பனி விழும், எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார்கள். அந்தக் காட்சிக்காகவே நான் மூன்றாம் முறை நடத்தினேன்.

இனித் திருத்தம். கூட்டு எழுத்தில் ஆட்கள் மனம் நோவது இங்கேதான். ஒரு தடவை, மற்றவரின் பிரதியில் எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று நான் முதலே சொல்லாமல் விட்டேன். பிழை பார்க்க உதவிய ஒருவர் நல்லெண்ணத்தோடு எல்லாவற்றையும் ஒரே சீராக்கினார். இரவு பத்தரைக்கு ஒரு மூத்த எழுத்தாளர் போன் எடுத்தார். "தம்பி, நான் கிணத்தடி எண்டு எழுதினனான். ஆரோ கிணற்றங்கரை எண்டு மாத்திப்போட்டினம். அது என்ர கிணறு இல்லை." பழைய வடிவத்தை ஐந்து நிமிடத்தில் மீட்டுக் கொடுத்தேன், ஆனால் அவர் அடுத்த நிகழ்வுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு நான் மூன்று வரியில் விதி எழுதிவிடுகிறேன். தெளிவான எழுத்துப்பிழையைக் கேட்காமல் திருத்தலாம். கொப்பியோடு முரண்படும் செய்தியைக் கருத்தாகச் சொல்லலாம். சொல், நடை, வட்டார வழக்கு எதையும் எழுதியவரைத் தவிர வேறொருவரும் தொடக்கூடாது. வடமராட்சிக்காரரும் தீவுப்பகுதிக்காரரும் வன்னிக்காரரும் ஒரே மாதிரிக் கதைப்பதில்லை, ஒரே ஒழுங்கையில் அவர்கள் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கலாம். ரொறன்ரோவா டொராண்டோவா என்பது போன்ற பெயர்களை மட்டும் ஒரு பட்டியல் போட்டு ஒன்றாக்குங்கள்.

உரிமையைப் பற்றித் தொடங்க முன்னரே எழுதி ஒப்புக்கொள்ளுங்கள். சிநேகிதருக்குள் எதற்கு என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கூட்டுப் படைப்பையும் தொகைப் படைப்பையும் வேறாகப் பார்க்கிறது. பலர் சேர்ந்து படைத்த கூட்டுப் படைப்பில் உரிமை எல்லோருக்கும் உண்டு, கடைசியாக உயிரோடிருக்கும் ஆசிரியர் இறந்து 70 வருடம் வரை அது பாதுகாக்கப்படும். ஆனால் ஒருவரின் முன்முயற்சியிலும் வழிநடத்தலிலும் பலர் பங்களித்து உருவான தொகைப் படைப்பு என்று ஆகிவிட்டால், பொருளாதார உரிமை தொடக்கத்திலேயே அந்த முன்முயற்சியாளருக்குப் போகலாம். வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் உங்கள் நிகழ்வு எந்தப் பக்கம் விழும் என்பது வாதத்துக்கு உரியது, அதற்குச் சட்டத்தரணிதான் பதில் சொல்ல வேண்டும். பாதிப் பேர் வேறு நாட்டுச் சட்டத்தின் கீழ் இருப்பது இன்னொரு சிக்கல். அதனால் நாங்கள் அரைப் பக்கத்தில் எழுதி வைப்பது இவ்வளவுதான்: அவரவர் எழுதியது அவரவருடையது, வட்டம் அதை ஒரு மின்னூலாகவும் ஒரு அச்சுப் பதிப்பாகவும் வெளியிடலாம், எல்லோர் பெயரும் ஒரே அளவில் வரும், காசு வந்தால் எப்படிப் பிரிப்பது, எந்தத் திகதி வரை ஒருவர் தன் எழுத்தைத் திரும்பப் பெறலாம். ஒழுங்கையும் பொதுப் பாத்திரங்களும் எல்லோருக்கும் சொந்தம் என்று ஒரு வரி சேருங்கள். ஒருவர் தன் வீட்டை நாவலாக விரிக்க ஆசைப்பட்டபோது அந்த வரிதான் எங்களைக் காப்பாற்றியது. செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தைக் கொண்டு எழுதியதை ஏற்பதா இல்லையா என்பதையும் அதே தாளில் முடிவு செய்யுங்கள். நான் ஏற்பதில்லை. ஆனால் ஒருவர் எழுதியது இயந்திரத்தினதா என்று சோதித்துக் கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பி ஒருவரையும் குற்றம் சாட்டாதீர்கள், அவை அவ்வளவுக்கு நம்பத்தக்கவை இல்லை.

முடிந்ததும் இணைப்பை அனுப்பிவிட்டு விட்டுவிட வேண்டாம். கடைசிச் சந்திப்பில் ஒழுங்கையின் முதல் வீட்டில் இருந்து வைரவர் கோயில் வரை வரிசையாக ஆளுக்கு மூன்று நிமிடம் வாசியுங்கள். 22 பேருக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகும், அன்றைக்கு மட்டும் கட்டணக் கணக்கோ இரண்டு இணைப்போ எடுக்க வேண்டும். பிறகு யுனிகோடிலேயே மின்னூல் ஆக்குங்கள், அப்போதுதான் தேடினால் அகப்படும். 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஈழத்து எழுத்துக்களை ஆசிரியர் அனுமதியோடு சேர்த்து வைக்கிறது, அவர்களுக்கு ஒரு பிரதி கொடுங்கள். ஒருவருடைய கூகுள் கணக்கில் மட்டும் கிடக்கும் எழுத்து அந்தக் கணக்கோடு போய்விடும். 1981 இல் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஒரே இரவில் 97,000 நூல்களை இழந்த ஊர் இது, பிரதி எங்கெங்கே இருக்கிறது என்று நாம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

உங்கள் கேள்வியில் தை மாதத்துக்கு இன்னும் ஏழு கிழமை இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள், நேரம் தாராளம். இந்தச் சனிக்கிழமை மூன்று பேர் மட்டும் சேர்ந்து ஒழுங்கையை ஒரு தாளில் வரையுங்கள். 22 வீடும் முழுதாக வேண்டாம், ஐந்தாறு வளவை வெறுமையாக விடுங்கள், இடையில் யாராவது வந்து சேருவார்கள். சந்திக் கடையும் கோயிலும் எங்கே என்று குறியுங்கள். பங்குக் கிணறு வைத்தால் அது எந்த வளவில், எத்தனை வீட்டுக்குப் பங்கு, வலை போட்டிருக்கிறதா இல்லையா என்பதை அன்றைக்கே கொப்பியில் எழுதிவிடுங்கள்.